எலுமிச்சை வாங்கப் போகிறீர்களா?

1. எந்த ஊர்க் காய் என்று கேளுங்கள். புளியங்குடி எலுமிச்சைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி வேறு ஊர்க் காயைச் சிலர் விற்கக்கூடும். கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கும். நாலு பேர் கேட்டால் அவரும் மண்டியில் விசாரிப்பார். கையில் காசு இறுக்கமென்றாலும் கேள்விக்குச் செலவில்லை.

2. தோலில் சொறி விழுந்த காயை ஒதுக்காதீர்கள். சொறி தோலோடு சரி, சாறு நன்றாகவே இருக்கும். தரம் பிரிக்கையில் விவசாயிக்கு அடிமாட்டு விலை கிடைப்பது இந்தச் சொறிக் காய்க்குத்தான்.

3. விலை சரியும்போது கூடுதலாக வாங்கி ஊறுகாய் போடுங்கள். விவசாயிக்குப் பறிகூலிக்கும் கட்டாத நேரம் அது.

4. வீட்டிலிருந்தே பை கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை.

5. எடையில் ஏமாற்றினால் 1915-ஐ அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.