நாகமானின் ஊழியக்காரர் பேசின விதம்

வேதபாடம்: 2 இராஜாக்கள் 5:9-14



"பாஸ்டர், எங்க மாமனார் ஒரு மாசமா இருமுறாரு. சாயங்காலமானா காய்ச்சல், உடம்பும் இளைச்சுப்போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா, இயேசுவே என் பரிகாரின்னு சொல்லி வரமாட்டேங்கறாரு." இப்படிப்பட்ட ஜெபக்குறிப்புகள் சபைக்கு வருகின்றன.

நாகமானைப் பாருங்கள். எலிசா நேரில் வந்து கையசைத்து ஜெபிப்பான் என்று எதிர்பார்த்தான். யோர்தானில் முழுகச் சொல்லி ஆள் வந்ததும் கோபத்தோடே திரும்பினான். அவனுடைய ஊழியக்காரர் தர்க்கம் பண்ணவில்லை. கிட்டப்போய், தகப்பனே என்று அழைத்து, கேட்டிருப்பது சின்னக் காரியந்தானே என்று நயமாய்ப் பேசினார்கள். அவன் இறங்கிப்போனான்.

நாமோ சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்பாகவும் சத்தம் போடுகிறோம். வசனத்துக்கு எதிர்வசனம் எடுத்துப் போடுகிறோம். அநேகந்தரம் விசுவாசப் பேச்சுக்குள்ளே பயம் ஒளிந்திருக்கிறது. "என்னை சானடோரியத்துல தள்ளிடுவீங்க, பேரப்பிள்ளைங்கள கிட்ட விடமாட்டீங்க." தனியாக உட்கார்ந்து கேட்டால்தான் இது வெளியே வரும்.

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 1928-ல் டாக்டர் சவுரிமுத்து தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கினபோது காசநோயைக் குணமாக்கும் மருந்தே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, ஆகாரம், அவ்வளவுதான். ஆனால் 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கின ஆராய்ச்சி, வீட்டிலிருந்து மருந்து எடுப்பவர்களும் சானடோரியத்தில் இருப்பவர்களைப் போலவே குணமாகிறார்கள், கூட இருக்கும் வீட்டாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்று காட்டியது. உலகமே அதைப் பின்பற்றியது. மருந்து எடுக்காத தாத்தாவினால்தான் பேரப்பிள்ளைகளுக்கு ஆபத்து. இதைப் பொறுமையாய்ச் சொல்லுங்கள்.

கேட்கவேண்டிய சின்னக் காரியம் சளிப் பரிசோதனை. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாய்ச் செய்வார்கள். குஷ்டரோகிகள் பத்துப்பேரையும் ஆசாரியரிடம் போய்க் காண்பிக்கும்படி இயேசுவே அனுப்பினார் (லூக்கா 17:14). காண்பிப்பது அவிசுவாசமானால் அனுப்பியிருப்பாரா? (மருந்தே தொடாத தேவபிள்ளைகள் நம் பக்கத்திலும் உண்டு, அவர்களை நான் நியாயந்தீர்க்கவில்லை. ஆனால் காசநோய் ஒருவரோடு நிற்கிற வியாதி அல்ல.)

சளியில் ரத்தம் கண்டாலோ, மூச்சுத் திணறினாலோ காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. இரண்டு மாதத்தில் உடம்பு தேறினதும், "கர்த்தர் சுகம் கொடுத்துட்டார், மாத்திரை போதும்" என்பார். சாட்சி சொல்லட்டும், மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தக்கூடாது. பாதியில் விட்டால் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படாமல் போய்விடும்.

முதல் நாள் கூடப் போக ஆளில்லையென்றால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். வாலிபர் ஒருவரை அனுப்புகிறேன்.