ஹீட்டிங் எண்ணெய்: கார்பன் கட்டணம் முழுவதும் உங்கள் தலையிலா?

ஜெர்மனியில் குளிர் இறங்கிவிட்டது. வாடகை வீடுகளுக்கு 2025ஆம் ஆண்டின் நேபன்கோஸ்டன் (வாடகையோடு சேரும் கூடுதல் செலவுகள்) கணக்கு 2026 டிசம்பர் 31க்குள் வந்தாக வேண்டும். எண்ணெயில் சூடேறும் வீட்டில் இருப்பவர்கள் அதைப் பிரித்துப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

2021 முதல் ஹீட்டிங் எண்ணெய்க்குக் கார்பன் கட்டணம் உண்டு. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு 25 யூரோவில் தொடங்கி, 2025இல் 55 யூரோ ஆனது. மதிப்புக்கூட்டு வரியையும் சேர்த்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 17 சென்ட். எண்ணெய் வியாபாரி இதை விலையில் ஏற்றி வீட்டுக்காரரிடம் வாங்குகிறார். வீட்டுக்காரர் உங்களிடம் வாங்குகிறார். ஆனால் 2023 ஜனவரி 1 முதல் வீட்டுக்காரரும் இதில் பங்கு ஏற்க வேண்டும் என்பது சட்டம். சுவரும் கொதிகலனும் எவ்வளவு மோசமோ, அவர் பங்கு அவ்வளவு அதிகம். அவற்றை மாற்றும் அதிகாரம் அவரிடம்தானே இருக்கிறது!

இப்போது செய்ய வேண்டியவை

1. கணக்கில் மூன்று எண்களைத் தேடுங்கள். கட்டடத்தின் மொத்தக் கார்பன் அளவு, அதற்கான கட்டணம், வீட்டுக்காரரின் பங்கு. முதல் இரண்டையும் வியாபாரி தன் ரசீதிலேயே எழுதித் தர வேண்டும். அந்த ரசீதைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

2. நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். ஒரே அளவிலான நான்கு வீடுகள் கொண்ட, மொத்தம் 280 சதுர மீட்டர் கட்டடம் ஆண்டுக்கு 4,800 லிட்டர் எரித்தால் சுமார் 13 டன். அதாவது சதுர மீட்டருக்கு 46 கிலோ. 42 முதல் 47 கிலோவுக்குள் இருந்தால் வீட்டுக்காரரின் பங்கு 70 சதவீதம். மொத்தக் கட்டணம் 850 யூரோ அளவில் வரும். அதில் கிட்டத்தட்ட 595 யூரோ அவருடையது. வீட்டுக்கு வீடு பிரித்தால் உங்களுக்கு ஏறக்குறைய 150 யூரோ மிச்சம். 52 கிலோவும் அதற்கு மேலும் என்றால் அவர் பங்கு 95 சதவீதம். 12 கிலோவுக்குக் கீழே என்றால் முழுதும் உங்களுடையது. பாரம்பரியப் பாதுகாப்பில் உள்ள கட்டடங்களுக்கு அவர் பங்கு குறையலாம்.

3. பங்கைக் காட்டவில்லையா? உங்கள் ஹீட்டிங் செலவில் 3 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம். அதை எழுத்தில் தெரிவியுங்கள்.

4. எண்ணெயை நீங்களே வாங்குகிறீர்களா? தனி வீட்டில் தொட்டியை நீங்களே நிரப்புபவரானால், வியாபாரியின் ரசீது வந்த 6 மாதத்துக்குள் வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலோ கடிதமோ அனுப்பி அவர் பங்கைக் கேளுங்கள். தாமதித்தால் பணம் போய்விடும். வாங்கும்போதே எல்லா வரியும் கட்டணமும் அடங்கிய விலையைக் கேட்டு, அதை வைத்து மற்ற வியாபாரிகளோடு ஒப்பிடுங்கள்.

5. ஆட்சேபிக்கத் தயங்காதீர்கள். கணக்கு கைக்கு வந்ததிலிருந்து 12 மாதம் அவகாசம் உண்டு. பணம் கட்டிவிட்டதால் மட்டும் அந்த உரிமை போகாது. மொழி தடையாக இருந்தால் உள்ளூர் வாடகைதாரர் சங்கத்தையோ நுகர்வோர் மையத்தையோ அணுகுங்கள்.

“வீட்டுக்காரரோடு எதற்கு வம்பு” என்று நம்மில் பலர் பேசாமல் கட்டிவிடுகிறோம். பங்கைக் கேட்பது வம்பல்ல, சட்டம் தந்த உரிமை. அதே கட்டடத்தில் இருக்கும் மற்றவர்களிடமும் சொல்லி, சேர்ந்தே கேளுங்கள்.