இரண்டாம் வாய்ப்பின் கணக்கு: சென்னையும் தென்காசியும்

குடிபெயர நினைப்போர் பெருநகரத்தையும் சிறு நகரத்தையும் ஒப்பிடும்போது வாடகை, சம்பளம், காற்று, நெரிசல் ஆகியவற்றை இரு பத்திகளாக எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்ப்பது வழக்கம். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாள்களுக்கு மட்டுமே அந்தக் கணக்கு பொருந்தும்; வேலை போன பின்பும், மருத்துவர் கைவிரித்த பின்பும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன பின்பும் அதே ஊரில் அடுத்த வழி என்ன இருக்கிறது என்பதை அது கேட்பதில்லை. பெருநகரத்தில் அந்த அடுத்த வழியைச் சந்தை தருகிறது. சிறு நகரத்தில் அதைத் தெரிந்த மனிதர்கள் தருகிறார்கள். இவற்றுள் எது தனக்கு உண்மையில் கிடைக்கும் என்று ஒருவர் அறிந்துகொள்வதே தேர்வின் முதற்படி. இக்கட்டுரை சென்னையையும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 70 ஆயிரம் பேர் வாழ்ந்த தென்காசி நகரையும் எடுத்துக்கொண்டு அந்த வேறுபாட்டை ஆராய்கிறது.

ஓர் ஊரில் எவையெல்லாம் கிடைக்கும் என்பதை விளக்க, ஜெர்மானியப் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் 1933இல் வெளியிட்ட மைய இடக் கோட்பாடு இன்றும் உதவுகிறது. ஒவ்வொரு சேவையும் நட்டமின்றி நடக்க அதற்கெனக் குறைந்தபட்ச அளவு வாடிக்கையாளர் தேவை. மளிகைக் கடைக்குச் சில தெருக்களே போதும், பல் மருத்துவருக்கு ஒரு நகரம் வேண்டும், குழந்தைகளுக்கான இதய அறுவை மருத்துவருக்கோ பல மாவட்டங்கள் வேண்டும் என்பது அதன் சாரம். எனவே சிறு நகரத்தில் ஒரு சேவை இல்லாதிருப்பது பெரும்பாலும் அவ்வூர் நிர்வாகத்தின் குறையன்று. அதைத் தாங்குமளவு ஆட்கள் இல்லாமையே. ஆனால் ஒரு சேவை இருப்பது வேறு, இரண்டு இருப்பது வேறு. தென்காசியில் ஒரு துறைக்கு ஒரே நிபுணர் இருந்து, அவர் விடுப்பில் போனாலோ அவருடைய முடிவில் ஐயம் எழுந்தாலோ, மறு கருத்துக்கு வண்டி ஏறத்தான் வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை அரசே ஒரு மதிப்பீட்டை வைத்திருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப்படிக்காக நகரங்கள் எக்ஸ், ஒய், இசட் என மூன்று வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 50 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் சென்னை முதல் வகை, தென்காசி கடைசி வகை. அகவிலைப்படி 50 விழுக்காட்டை எட்டிய 2024 முதல் இந்த வாடகைப்படி அடிப்படைச் சம்பளத்தில் முறையே 30, 20, 10 விழுக்காடாக உள்ளது. அதாவது சென்னைக்கு மும்மடங்கு. ஆயினும் இந்த மும்மடங்கு வாடகைக்கு மட்டுமே உரியது. எரிவாயு உருளை, மின்கட்டணம், கைப்பேசிக் கட்டணம், துணிமணி ஆகியவற்றின் விலை மாநிலம் முழுவதும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், வருமானத்தில் வாடகையின் பங்கு எவருக்குப் பெரிதோ அவருக்கே சிறு நகரம் உண்மையான சேமிப்பைத் தரும். சென்னையில் சொந்த வீட்டில் இருப்பவர் செலவு குறையும் என்று மட்டும் நம்பிக் கிளம்பினால் எதிர்பார்த்த அளவு மிச்சம் காணமாட்டார். முன்பணத்திலும் கவனம் தேவை: 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் பெறக்கூடாது என்கிறது; ஆனால் சென்னையில் அதைவிட மிகுதியாகக் கேட்கும் பழக்கம் சட்டத்துக்குப் பின்னும் மறையவில்லை.

வேலையே இந்த ஒப்பீட்டின் நடுப்பகுதி. கிராமத்திலிருந்து நகரத்துக்கு மக்கள் ஏன் பெயர்கிறார்கள் என்று ஆராய்ந்த ஜான் ஹாரிஸ், மைக்கேல் டொடாரோ என்ற பொருளியலாளர்கள் 1970இல் ஒரு விளக்கம் தந்தனர்: பெயர்பவர் கருதுவது சம்பளத்தை மட்டுமன்று, அந்தச் சம்பளத்தை அது கிடைப்பதற்கான நிகழ்தகவால் பெருக்கி வரும் எதிர்பார்ப்பு வருமானத்தை. இதைச் சற்று நீட்டி, முதல் வேலை போனால் இரண்டாவது எவ்வளவு விரைவில் கிடைக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்கலாம். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011இல் அலுவலகம் திறந்தது முதல், மென்பொருள் வேலைக்குச் சென்னை செல்வது ஒன்றே வழி என்ற நிலை மாறியது. விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் ஆகிய நகரங்களில் 2024இல் திறக்கப்பட்ட மினி டைடல் பூங்காக்களும் அதே திசையில் செல்கின்றன. ஆனால் ஒரு துறைக்கு ஒரே பெரிய முதலாளி இருக்கும் ஊரில் அந்த வேலையை விடுபவர் ஊரையும் விட வேண்டியிருக்கும். ஒரே திறன் உடையோரும் அவர்களைத் தேடுவோரும் ஓரிடத்தில் திரள்வதால் இரு தரப்புக்கும் விளையும் நன்மையைப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இலேயே விளக்கினார். சென்னை வாடகையின் ஒரு பகுதி இந்தத் திரளுக்காகக் கொடுக்கப்படும் விலையே. ஆசிரியர், மருந்தாளுநர், மின்பணியாளர், வங்கி ஊழியர் போன்றோருக்கு எங்கும் தேவை இருப்பதால் அவர்கள் இந்த விலையைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் குறைவு.

இருவரும் வேலைக்குச் செல்லும் தம்பதியருக்குச் சிக்கல் இரட்டிப்பாகிறது. படித்த தம்பதியர் பெருநகரங்களில் திரள்வதற்கு, இருவருக்கும் ஒரே ஊரில் தகுந்த வேலை அமைய வேண்டிய தேவை முக்கியக் காரணம் என்று டோரா கோஸ்டா, மேத்யூ கான் என்ற பொருளியலாளர்கள் 2000இல் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு வாதிட்டனர். தமிழ்க் குடும்பங்களில் கணவனுக்குக் கிடைத்த வேலைக்காகச் சிறு நகரம் செல்லும்போது மனைவியின் வேலை பேச்சின்றிக் கைவிடப்படுவது வழக்கமாகிவிட்டதால், அந்த இழப்பு குடும்பக் கணக்கில் செலவாகக்கூட எழுதப்படுவதில்லை. எழுதிப் பார்த்தால் வாடகை மிச்சம் பல வீடுகளில் காணாமற்போகும்.

மருத்துவத்தில் அன்றாடத் தேவையையும் அவசரத் தேவையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற நெடுநாள் நோய்களுக்குச் சிறு நகரமே சில சமயம் மேல்; மருத்துவர் நோயாளியை முகம் பார்த்தே அறிவார், காத்திருப்பும் பயணமும் குறைவு. பக்கவாதம் போன்றவற்றில் நிலைமை மாறுகிறது. மூளை இரத்தக் குழாயில் ஏற்பட்ட அடைப்பைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். அதற்கு முன் மூளையைப் படமெடுத்து, இரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்யவும் வேண்டும். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தென்காசியிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் உள்ளது. முதிய பெற்றோருடன் பெயர்வோர், இரவு இரண்டு மணிக்கு அந்தப் படம் எங்கே எடுக்கப்படும் என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது.

இனி மனிதர்கள் தரும் உதவியைக் காணலாம். சிறு நகரத்தின் அக்கம்பக்க உறவைப் புகழ்வோர், அந்த உறவு யாருக்குத் திறந்திருக்கிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். பெருநகர மனிதர் பிறரிடம் காட்டும் ஒதுக்கம் கல்நெஞ்சம் அன்று, இடையறாத தூண்டுதல்களிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளும் முறை என்றும், அதனால் தனிமனிதருக்கு வேறெங்கும் இல்லாத சுதந்திரம் கிடைக்கிறது என்றும் ஜெர்மானியச் சமூகவியலாளர் கேயோர்க் சிம்மல் 1903இல் எழுதினார். அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் கடுமையாகச் சாடியதற்குப் பின்னுள்ள அனுபவமும் அங்கே அந்தச் சுதந்திரம் இல்லாமையோடு தொடர்புடையதே. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி ஒருவருக்குக் கடையில் கடன் வசதியைத் திறக்கும். சாதி மறுத்து மணந்தவருக்கும், தனித்து வாழும் பெண்ணுக்கும், ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் அதே கேள்வி வாடகை வீட்டின் கதவை அடைக்கும். சென்னையில் இக்கேள்வி இல்லை என்று சொல்வதற்கில்லை; சைவ உணவு உண்போருக்கு மட்டும் என்ற அறிவிப்பு அதன் நாகரிக வடிவமே. ஆனால் அங்கே அடுத்த தெருவிலும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். ஆகவே பிறந்த ஊருக்குத் திரும்புபவரும், சிறு நகரத்துக்குப் புதிதாக வரும் அசலூர்க்காரரும் ஒரே ஊரைத் தேர்ந்தாலும் ஒரே வாழ்க்கையைப் பெறுவதில்லை.

ஊரைப் பார்க்கச் செல்லும் காலமும் முடிவைத் திரிக்கக்கூடியது. ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று சாரலோடு வரும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குற்றாலப் பருவத்தில் தென்காசியைப் பார்ப்பவர் எவரும் அங்கே மனை வாங்க ஆசைப்படுவார். அந்த ஆசையை ஏப்ரல் வெயில் வரை தள்ளிவைப்பது சிக்கனம். சென்னையை மார்கழியில் பார்ப்பதும் அத்தகையதே. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவில் தண்ணீர் எந்த உயரம் நின்றது, ஏரிகள் வற்றி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்த 2019இல் அந்தக் குடியிருப்பு லாரிக்கு எவ்வளவு கொடுத்தது என்பவற்றைத் தரகரிடம் கேட்பதைவிடக் காவலாளியிடமோ எதிர்வீட்டாரிடமோ கேட்பது பயன் தரும்.

முடிவு உறுதியாகும் வரை திரும்பும் வழியை அடைக்காதிருப்பது முக்கியம். சென்னை வீட்டை விற்றுச் சிறு நகரத்தில் பெரிய வீடு கட்டியவர், மனம் மாறினால் அதே பணத்துக்குச் சென்னையில் நுழைவது அரிது. வீட்டை வாடகைக்கு விட்டு, புதிய ஊரில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பவருக்கு அந்த அபாயம் இல்லை. பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ இருக்கும் ஆண்டைத் தவிர்ப்பதும் இதில் அடங்கும்.

பெருநகரம், சிறு நகரம் என இரண்டு தேர்வுகள் மட்டுமே உண்டு என்று கருதவும் தேவையில்லை. கிறிஸ்டாலரின் அடுக்கில் இவற்றுக்கு இடைப்பட்ட ஊர்கள் உள்ளன. தென்காசியின் பட்டியலில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பிள்ளைகளுக்கான கல்லூரித் தேர்வுகளும் மட்டுமே குறைகின்றன என்று காண்பவர், சென்னைக்குப் போகாமல் திருநெல்வேலி மாநகரின் பகுதியான பாளையங்கோட்டையைப் பார்க்கலாம். அங்கே அந்த மருத்துவமனையும், தூய யோவான், சாராள் தக்கர், தூய சவேரியார் ஆகிய நூற்றாண்டு கடந்த கல்லூரிகளும் ஒரே ஊருக்குள் உள்ளன, வாடகைப்படி வகைப்பாட்டின் உச்சிக்கும் ஏற வேண்டியதில்லை.