அப்பாவின் கொப்பி, மகளின் போன்: பழைய விடுதியைப் புதுப்பிக்கிறவர்களுக்கு

தலவாக்கலை தாண்டி வட்டகொடையில் ரயிலைவிட்டு இறங்குகிறவர் முதலில் கேட்பது சுடுதண்ணி. வைஃபை அதற்குப் பிறகுதான். விடுதி நடத்தும் அப்பாவுக்கும் அதைப் புதுப்பிக்க வரும் மகளுக்கும் சண்டையோ பெரும்பாலும் பெயர்ப்பலகையிலும் பெயின்ட் நிறத்திலும் ஆரம்பிக்கும். அவை கிடக்கட்டும்.

முதலில் பழைய கணக்குக் கொப்பியை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். ஏப்ரல் நுவரெலியா சீசனுக்கும், டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரையான சிவனொளிபாத மலை யாத்திரைக்கும் யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். வருடா வருடம் வருகிறவர்கள் அப்பாவின் போனுக்கு அழைத்து வருகிறவர்கள். அவர்களுக்காக ஒரு அறையை அப்பாவிடமே விடுங்கள். அதை இணையத்தில் போடவே வேண்டாம். மற்ற அறைகள் மகளின் பொறுப்பு. இப்படிப் பிரிக்காவிட்டால் ஒரே அறையை இருவரும் கொடுத்துவிட்டு, கொட்டும் மழையில் ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்ப நேரும்.

அடுத்தது சுடுதண்ணி. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மூட்டம் விலகாத இடம் இது. சோலார் ஹீட்டரை மட்டும் நம்ப முடியாது. கரண்ட் ஹீட்டர் போட்டால் அதற்குத் தனி வயர், ட்ரிப் சுவிட்ச் இரண்டும் வேண்டும். பழைய வயரில் இழுப்பது ஆபத்து. இந்தச் செலவில் அப்பா பேரம் பேசினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மேல்மாடி எழுப்பும் ஆசை இருந்தால் மேஸ்திரிக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் போங்கள். மண்சரிவு மாவட்டம் இது. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவும் செய்யுங்கள். வங்கிக் கடன் எடுப்பதானால், காணி உறுதி யார் பெயரில், தவணை கட்டுவது யார் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். பல வீடுகளில் உண்மையான மனக்கசப்பு இங்கேதான். பெயின்ட் வெறும் சாட்டு.

எல்லா அறைகளையும் ஒரேயடியாக உடைக்காமல் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு சீசன் ஓட்டிப் பாருங்கள். பழைய மரக்கதவையும் கண்ணாடி ஜன்னலையும் கழற்ற வேண்டாம். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை ஹோட்டலாக்கியவர்கள் பழைய இயந்திரங்களை வைத்துக்கொண்டார்கள். விருந்தாளி பார்க்க வருவதே அந்தப் பழமையைத்தான்.

அறை பதிவு செய்யும் இணையத் தளங்கள் பொதுவாக 15 சதவீத அளவில் கமிஷன் எடுக்கும். “சும்மா இருக்கிறவனுக்கு ஏன் பங்கு?” என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்விதான். கமிஷனைக் கழித்தபின் கையில் நிற்கும் தொகையை அவருடைய கொப்பியிலேயே, அவர் போடும் கோட்டுக்குள்ளேயே எழுதிக் காட்டுங்கள். காலைச் சாப்பாட்டில் மட்டும் டோஸ்ட், ஜாம் என்று மாறிவிட வேண்டாம். ரொட்டி, சம்பல், சுடச்சுடத் தேத்தண்ணி. அதன் விலையை அம்மா சொல்லட்டும்.