காலைக் கடிக்காத தோல் சப்பாத்து

கடைக்குள் நுழைந்ததும் "எத்தனையாம் நம்பர்?" என்று கேட்பார்கள். மட்டக்களப்புக் கால்களுக்கு அது இரண்டாவது கேள்வியாகத்தான் இருக்கவேண்டும். முதலாவது அகலம். இங்கே பலர் பள்ளிக்கூட நேரம் போக மற்ற நேரமெல்லாம் ரப்பர் செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்தவர்கள். எழுவான்கரை மணலிலும் படுவான்கரை வயல் வரம்பிலும் விரல்களை விரித்து ஊன்றி நடந்த பாதம் முன்பக்கம் அகன்றே இருக்கும். தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் பாதங்களை அளந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே சொல்கிறது: சப்பாத்துப் போட்டு வளர்ந்தவர்களைவிட அவர்களுடைய பாதம் அகலம், உடற்பாரமும் பாதமெங்கும் பரவலாக இறங்குகிறது. அப்படிப்பட்ட காலை, ஐரோப்பியக் காலுக்கென்று செய்த அச்சில் தைத்த சப்பாத்துக்குள் நுழைக்கும்போதுதான் சுண்டுவிரல் சிவக்கிறது.

வெள்ளைத் தோல் ஸ்னீக்கர்கள் இறுக்கமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்று கலியாண வீட்டுக்கும் கந்தோருக்கும் போட்டுப் போகிற இந்தச் சப்பாத்துகளின் மூத்த வடிவங்கள் எல்லாம் ஆடுகளத்துக்காகப் பிறந்தவை. அடிடாஸ் சுப்பர்ஸ்டார் 1969இல் கூடைப்பந்தாட்டத்துக்கு வந்தது. நைக் எயார் ஃபோர்ஸ் வன் 1982இல் அதே ஆட்டத்துக்கு. ரீபொக் கிளப் சி 1985இல் டென்னிஸுக்கு. அடிடாஸின் ஸ்டான் ஸ்மித், 1960களில் ரொபேர் ஹையே என்ற பிரெஞ்சு டென்னிஸ் வீரரின் பெயரில் தொடங்கிப் பிறகு ஸ்டான் ஸ்மித் என்ற அமெரிக்க வீரரின் பெயருக்கு மாறியது. பக்கவாட்டில் சட்டென்று திரும்பும்போது கால் உள்ளே வழுக்கக்கூடாது என்பதற்காக இவற்றின் பக்கங்களை இறுக்கமாகவும் அடியைத் தட்டையாகவும் செய்தார்கள். கூடைப்பந்தாட்டம் நமக்கும் அந்நியமில்லை. அமெரிக்க இயேசு சபைக் குருமார் புனித மிக்கேல் கல்லூரியில் ஊன்றிவிட்ட ஆட்டம் அது. அவர்களில் ஒருவரான, 1990 ஓகஸ்டில் காணாமற்போன யூஜின் ஹேபர்ட் அடிகளாரை இன்றும் பயிற்றுநராகவே நினைவுகூர்வோர் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் வாங்கப்போவது நடக்க, நிற்க, பஸ் ஏற. ஆடுகளத்து இறுக்கம் நாள் முழுவதும் நிற்கிறவருக்கு வேண்டாதது.

வீட்டில் அளவெடுத்தல்

பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அளவெடுங்கள். நாள் முழுக்க நின்ற கால் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் வீங்கியிருக்கும். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த வீக்கம் இன்னும் கூட. காலையில் வாங்கிய சப்பாத்து பின்னேரம் கடிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஒரு வெள்ளைக் கடதாசியைச் சுவரோடு ஒட்டித் தரையில் வையுங்கள். எந்தச் சொக்ஸோடு சப்பாத்தைப் போடப்போகிறீர்களோ அதே சொக்ஸோடு குதிகால் சுவரைத் தொட நில்லுங்கள். இருந்துகொண்டு அளந்தால் பாதம் விரியாது. எழுந்து நின்று பாரத்தை அந்தக் காலில் இறக்கவேண்டும். இன்னொருவர் பென்சிலை நேர் குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையட்டும். பென்சில் உள்ளே சரிந்தால் பாதம் ஒல்லியாகிவிடும். இரண்டு காலையும் வரையுங்கள், இரண்டும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். பெரிய காலே கணக்கு.

அடிமட்டத்தால் இரண்டு அளவுகளை மில்லிமீற்றரில் எடுங்கள். சுவரிலிருந்து மிக நீண்ட விரல் நுனிவரை நீளம். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம் என்பதையும் மறக்கவேண்டாம். பெருவிரலின் அடிமூட்டிலிருந்து சுண்டுவிரலின் அடிமூட்டுவரை அகலம். பிறகு அந்தப் பாதப் படத்தைக் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அதுதான் உங்கள் ஆயுதம்.

இலக்கங்கள்

நம் கடைகளில் பெரும்பாலும் பிரித்தானிய இலக்கம் ஓடுகிறது. அதில் ஒரு முழு இலக்கம் கூடினால் அச்சின் நீளம் ஓர் அங்குலத்தின் மூன்றிலொன்று, அதாவது ஏறக்குறைய 8.5 மில்லிமீற்றர், கூடும். ஐரோப்பிய இலக்கத்தில் ஒன்றுக்கு 6.7 மில்லிமீற்றர். லண்டனிலும் சுவிஸிலும் கனடாவிலும் இருக்கும் சொந்தக்காரர் வாங்கி அனுப்பும்போது குழப்பம் தொடங்குவது இங்கேதான். "எனக்கு எட்டு" என்று வட்ஸ்அப்பில் சொன்னால் அது யாருடைய எட்டு?

ஓர் எடுத்துக்காட்டு. 26.5 சென்ரிமீற்றர் என்று அளவு குறித்த ஆண்கள் சப்பாத்துக்கு அடிடாஸ் பிரித்தானிய 8 என்கிறது, நைக் பிரித்தானிய 7½ என்கிறது. இரண்டிலும் அமெரிக்க இலக்கம் 8½, ஐரோப்பிய இலக்கம் 42. ஆகவே இலக்கத்தைச் சொல்லாதீர்கள், மில்லிமீற்றரைச் சொல்லுங்கள். சப்பாத்து நாக்கின் உட்பக்கத்துச் சிறிய சீட்டில் ஜப்பானிய அளவென்றோ சென்ரிமீற்றர் என்றோ 265 அல்லது 26.5 போல ஓர் எண் இருக்கும். பாதத்தின் நீளத்தோடு நேரே ஒப்பிடக்கூடியது அது ஒன்றுதான். வெட்டிய பாதப் படத்தின் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்துப் படமெடுத்து அனுப்பினால் வாங்கி அனுப்புகிறவருக்கும் தலையிடி இல்லை, உங்களுக்கும் இல்லை.

அகலத்துக்கு எண் போடும் நிறுவனங்கள் மிகக் குறைவு. நியூ பலன்ஸ் போன்ற சிலவே அகலமான வடிவங்களைத் தனியாக விற்கின்றன. மற்றவற்றில் உங்கள் காலும் கண்ணும்தான் அளவுகோல்.

கடையில் போட்டுப் பார்த்தல்

முதலில் சப்பாத்துக்குள்ளிருக்கும் மெத்தையை வெளியே இழுத்துப் பாருங்கள். பலவற்றில் கழன்று வரும், ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். கழன்றால் அதைத் தரையில் வைத்து உங்கள் கடதாசிப் பாதத்தை மேலே வையுங்கள். குதிப்பக்கம் பொருந்தியிருக்க, விரல் நுனிக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றர் அளவு, அதாவது ஒரு சுண்டுவிரல் அகலம், மிஞ்சவேண்டும். அகன்ற இடத்தில் கடதாசி மெத்தைக்கு வெளியே இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சப்பாத்தைப் போட்டுப் பார்க்கவும் தேவையில்லை. கடைக்காரத் தம்பி முகம் சுளிக்கலாம். பரவாயில்லை, காசு உங்களுடையது.

மெத்தையைத் திரும்பப் போட்டு, காலை நுழைத்து, குதியைத் தரையில் இரண்டுமுறை தட்டிப் பின்னுக்குத் தள்ளுங்கள். அதன்பிறகுதான் லேஸ் கட்டவேண்டும். குதியைப் பின்னுக்குத் தள்ளாமல் கட்டினால் முன்னால் இடமில்லை என்ற பொய்யான எண்ணம் வரும். கட்டியபின் மேலிருந்து லேஸ் ஓட்டைகளைப் பாருங்கள். இரண்டு வரிசையும் ஓரளவு சமாந்தரமாக, நடுவில் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் இடைவெளியோடு நிற்பது நல்லது. இரு பக்கத் தோலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் சப்பாத்து உங்கள் காலுக்குப் பெரிது. மேலே விரிந்து கீழே குறுகினால் உங்கள் புறங்கால் உயரம், அந்தச் சப்பாத்து அதற்கு ஏற்காது.

இப்போது எழுந்து நில்லுங்கள். இரண்டு காலிலும் போட்டிருக்கவேண்டும். விரல்களைச் சப்பாத்துக்குள் மேலும் கீழும் அசையுங்கள்; பியானோ வாசிப்பதுபோல ஒவ்வொன்றும் தனியாக அசையவேண்டும். பெருவிரலின் அடிமூட்டும் சுண்டுவிரலின் அடிமூட்டும் சப்பாத்தின் மிக அகன்ற இடத்தில் இருக்கின்றனவா என்று கையால் தடவிப் பாருங்கள். இதுதான் பலர் தவறவிடும் இடம். நீளம் சரியாயிருந்தும் மூட்டு முன்னால் தள்ளியிருந்தால் சப்பாத்து மடியும் இடமும் கால் மடியும் இடமும் ஒன்றாக இராது. பத்து நிமிட நடையில் விரலின் மேற்புறத்தைத் தோல் மடிப்பு அறுக்கத் தொடங்கும். 1920களில் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரத்தில் சார்ல்ஸ் பிரனொக் செய்த காலளவுக் கருவி நீளத்தையும் அகலத்தையும் மட்டுமல்ல, குதியிலிருந்து இந்த மூட்டுவரையுள்ள தூரத்தையும் தனியாக அளந்தது இதற்காகத்தான்.

சப்பாத்தைக் கழற்றிக் கையால் மடித்துப் பாருங்கள். முன்பக்கத்து மூன்றிலொரு பங்கில், விரல் மடியும் இடத்தில், மடியவேண்டும். நடுவில் மடிகிறதென்றால் அது சப்பாத்தல்ல, செருப்புக்கு மேல் போட்ட உறை.

பிறகு நடை. கடையின் கம்பளத்தில் வேண்டாம். சீமெந்துத் தரையிலோ ஓட்டுத் தரையிலோ நடங்கள். ஒரு படி ஏறி இறங்குங்கள், குந்தி எழும்புங்கள். குதிகால் சற்று எழுவது புதுத் தோலில் இயல்பு. அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் எழுந்தால் அது கொப்புளத்துக்கான அழைப்பு. கணுக்கால் எலும்பில் சப்பாத்தின் விளிம்பு படுகிறதா என்று பாருங்கள். மெத்தை மிருதுவாக இருக்கிறதே என்று மயங்கவேண்டாம். இரண்டு நிமிடத்துக்குச் சுகமாயிருக்கும் பஞ்சு மெத்தை இரண்டு மாதத்தில் தட்டையாகிவிடும். பக்கங்களும் குதியும் பிடிக்கும் விதம் அப்படி மாறாது.

நம் ஊருக்கென்று ஒரு சோதனை சேர்த்துக்கொள்ளலாம். கோயிலில், பள்ளிவாசலில், எந்த வீட்டு வாசலிலும் சப்பாத்தைக் கழற்றியே ஆகவேண்டும். ஒருநாளில் எத்தனை தடவை கழற்றி மாட்டுவீர்கள் என்று எண்ணிப் பார்த்து, லேஸைத் தளர்த்திக் கால் சுலபமாக நுழைகிறதா என்று கடையிலேயே பாருங்கள். நுழையச் சிரமமான சப்பாத்தின் பின்பக்கத்தை எல்லோரும் கடைசியில் மிதித்தே போடுகிறார்கள். குதியைப் பிடிக்கும் அட்டை ஒருமுறை உடைந்தால் பிறகு எந்தப் பொருத்தமும் இல்லை.

"போடப் போட இளகிடும் தம்பி" என்பார் கடைக்காரர். பாதி உண்மை. தோல் அகலத்தில் கொஞ்சம் இளகும், நீளத்தில் இளகாது. விரல் முட்டுகிற சப்பாத்து ஒரு வருடம் கழித்தும் முட்டும்.

அந்தப் பாதி உண்மைகூட அது தோலாக இருந்தால்தான். வெளியே மெல்லிய பிளாஸ்ரிக் பூசிய தோலும், தோலைப்போலவே தோன்றும் முழுச் செயற்கைப் பொருளும் ஒரே அலுமாரியில் இருக்கும். 2021இல் ஸ்டான் ஸ்மித்தையே அடிடாஸ் மீள்சுழற்சிச் செயற்கைப் பொருளுக்கு மாற்றியது. செயற்கைப் பொருள் இளகாது, நம் வெக்கையில் வியர்வையை வெளியே விடாது. ஆகவே கடையில் கொஞ்சம் இறுக்கினாலும் வாங்கக்கூடாது. ஐரோப்பாவிலிருந்து வந்த சப்பாத்தென்றால் 1994ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதிப்படி சிறு சின்னங்கள் ஒட்டியிருக்கும். விரித்த மிருகத்தோல் வடிவம் தோல். அதே வடிவத்துக்குள் சாய்சதுரம் இருந்தால் பூச்சுப் பூசிய தோல். வெறும் சாய்சதுரம் வேறு பொருள், பெரும்பாலும் செயற்கை. வலைபோன்ற கட்டம் துணி. மேற்பகுதி, உட்பகுதி, அடி மூன்றுக்கும் தனித்தனியே போட்டிருப்பார்கள். சின்னம் இல்லையென்றால் நாக்கின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். தோலில் நார்நாராகத் தெரியும்; செயற்கையில் துணியின் நெசவு தெரியும்.

வீட்டில் இரண்டாம் சோதனை

பில்லை எறியவேண்டாம். அன்றே வெளியே போட்டுப் போகவும் வேண்டாம்; அடியில் மண் பட்டால் பல கடைகள் மாற்றித் தரமாட்டா. வீட்டுத் தரையில் ஒரு மணித்தியாலம் போட்டு நடமாடிவிட்டுக் கழற்றி, சொக்ஸையும் கழற்றிக் காலைப் பாருங்கள். சொக்ஸ் தையலின் தடம் கவலையில்லை. சுண்டுவிரலின் வெளிப்புறத்திலோ, பெருவிரல் மூட்டிலோ, குதிக்கு மேலோ உள்ள சிவப்பு பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் கல்லடிப் பாலம்வரை நடக்கும்போது அது கொப்புளமாகும். மாற்றுவதானால் இப்போதே.

நீரிழிவு உள்ளவர்கள் உணர்ச்சியை மட்டும் நம்பக்கூடாது. கால் மரத்துப்போனவருக்குக் கடிக்கும் சப்பாத்தும் சுகமாகவே இருக்கும். கையை உள்ளே விட்டுத் தையல் முண்டுகளைத் தடவிப் பாருங்கள். கழற்றும்போதெல்லாம் காலைக் கண்ணால் பாருங்கள். புண் இருந்தால் கிளினிக்கில் காட்டாமல் புதுச் சப்பாத்துப் போடவேண்டாம்.

பிள்ளைகளுக்கு "வளரட்டும்" என்று இரண்டு இலக்கம் பெரிதாக வாங்கும் பழக்கம், பள்ளிக்கூடச் சப்பாத்து வவுச்சர் கிடைத்த வாரங்களில் அதிகமாகத் தெரியும். ஒரு சென்ரிமீற்றர் போதும். கர்நாடகத்தில் 2300 பிள்ளைகளைப் பார்த்து 1992இல் வெளியான ஆய்வில், சப்பாத்துப் போட்டவர்களில் நூற்றுக்கு 8.6 பேருக்கும் வெறுங்காலோடு திரிந்தவர்களில் 2.8 பேருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. ஆகவே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கழற்றி எறிகிற பிள்ளையைத் திட்டவேண்டாம்.

பழக்கும் காலமும் பராமரிப்பும்

முதல் வாரம் நாளுக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம், ஒருநாள் விட்டு ஒருநாள். தேங்காயெண்ணெய் தடவி இளக்கும் பழைய வழி வெள்ளைத் தோலுக்கு ஆகாது. பூச்சைத் தாண்டி உள்ளே போகாத எண்ணெய் மேலே நின்று மண்ணைப் பிடிக்கும், மஞ்சளாக்கும். நாவலடிக் கடற்கரைக்குப் போட்டுப் போனால் தையலுக்குள் புகும் மணலை வீட்டுக்கு வந்ததும் பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டியெடுங்கள். மணல் உள்ளே இருந்து நூலை அரைக்கும். மாரியில் நனைந்தால் மெத்தையைக் கழற்றி, உள்ளே பத்திரிகைக் கடதாசியைத் திணித்து, நிழலில் காற்றுப் படக் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் தோல் சுருங்கும். பிறகு நீங்கள் பார்த்துப் பார்த்து வாங்கிய அகலம் இராது.

வெளிநாட்டிலிருந்து வந்ததை "நல்ல நாளுக்கு" என்று பெட்டியோடு அலுமாரியில் பூட்டி வைப்பவர்களுக்கு ஒன்று. சில சப்பாத்துகளின் நடு அடி பொலியூரித்தேன் என்ற நுரையால் ஆனது. வாவிக்கரைக் காற்றின் ஈரப்பதம் அதைப் போடாமலே வைத்திருந்தாலும் சிறுகச் சிறுகச் சிதைக்கும். வருடக்கணக்காகக் கிடந்ததை எடுக்கும்போது அடியின் பக்கத்தைப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ தூள் உதிர்ந்தாலோ அதைப் போட்டுக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போகாதீர்கள். மண்டபத்தின் நடுவில் அடி தனியாகக் கழன்று வரும். முழு ரப்பர் அடி வைத்துத் தைத்தவை இந்தத் தொல்லை குறைந்தவை. அவற்றிலும் தோலில் பூஞ்சணம் பூக்காமலிருக்க மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட வைக்கவேண்டும்.