கேம் விளையாட கம்ப்யூட்டரா? மானிட்டரில் இருந்து கணக்கைத் தொடங்குங்கள்

"அண்ணா, புது கார்டு போட்டும் கேம் அதே மாதிரி திக்கித் திணறுது. அப்பா கேட்டா என்ன சொல்றது?" தஞ்சாவூரில் இருந்து சித்தப்பா மகன் போனில் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. 18 ஆயிரம் ரூபாய் கொடுத்து அந்த கிராபிக்ஸ் கார்டை வாங்கச் சொன்னதே நான்தான். எந்த பிராசஸர், எந்த மானிட்டர், என்ன கேம் என்று எதையும் கேட்காமலேயே சொல்லிவிட்டேன். சாப்ட்வேர் எழுதுகிறவனுக்கு ஹார்ட்வேரும் அத்துப்படி என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. எனக்கும் கொஞ்சம் இருந்தது!

தையல் கடையைப் பார்த்திருப்பீர்கள். கட்டிங் மாஸ்டர் துணியை வெட்டிக் கொடுப்பார், தையல்காரர் தைப்பார். கேமில் யார் எங்கே நகர்கிறார், அடுத்து என்ன நடக்கிறது என்று கணக்கிட்டு வெட்டிக் கொடுப்பது பிராசஸர். அதைப் படமாகத் தைப்பது கிராபிக்ஸ் கார்டு. வெட்டுகிறவர் மெதுவாக இருந்தால், எவ்வளவு வேகமான தையல்காரரும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

தைத்த படத்தைக் காட்டுவது மானிட்டர். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 முறைதான் திரையைப் புதுப்பிக்கும். கார்டு 120 படம் தயாரித்தாலும் அத்தனையும் முழுதாகத் திரைக்கு வராது. அதனால்தான் மானிட்டரை முதலில் முடிவு செய்யுங்கள் என்கிறேன்.

ரெசல்யூஷன் கூடினால் சுமை பெரும்பாலும் கார்டின் தலையில் விழும். 1920 x 1080 என்றால் 20,73,600 புள்ளிகள். 3840 x 2160 என்றால் அதைப் போல் நான்கு மடங்கு. ஆனால் பிராசஸரின் வேலை ஏறக்குறைய அதேதான். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி அதன் வேகத்தை முழுதாகப் பெற நினைத்தால் கதை வேறு. ஒரு படத்துக்கு 7 மில்லி செகண்டுக்கும் குறைவான நேரமே கிடைக்கும். அப்போது பிராசஸரும் வேகமாக இருந்தாக வேண்டும்.

தம்பி விளையாடுவது நகரம் கட்டும் 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்'. ஊரில் மக்கள் தொகை ஏற ஏற பிராசஸரைப் பிழிந்தெடுக்கும் கேம் அது. அவனிடம் இருந்ததோ 2018-ல் வந்த நான்கு கோர் ரைசன் 3 2200ஜி.

உங்கள் கம்ப்யூட்டரில் யார் தடை என்று செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். கேமில் வி-சிங்க் வசதியை நிறுத்திவிட்டு விளையாடுங்கள். நடுவே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்பாமன்ஸ் டேபில் ஜி.பி.யு. அளவைப் பாருங்கள். 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டு தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருக்கிறது. பாதியில் நின்று கேமும் திணறினால் பெரும்பாலும் பிராசஸர்தான் காரணம். சி.பி.யு. 40 சதவீதம்தானே என்று ஏமாற வேண்டாம். ஒரே ஒரு கோர் மூச்சு முட்டினாலும் கேம் நின்று நின்றுதான் ஓடும். சந்தேகமா? ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். வேகம் மாறவே இல்லை என்றால் கார்டு குற்றவாளி அல்ல.

தம்பிக்குக் கார்டு 50 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. நல்லவேளை, அவனுடைய பி450 மதர்போர்டு ஏ.எம்.4 சாக்கெட் கொண்டது. பயாஸை அப்டேட் செய்துவிட்டு 2022-ல் வந்த ஆறு கோர் ரைசன் 5 5600 பொருத்தினோம். பிராசஸருக்கான பணம் என்னுடையது, தப்பும் என்னுடையதுதானே! கார்டு இப்போதுதான் உழைக்க ஆரம்பித்திருக்கிறது.

மாற்றிய அன்று இரவே மறுபடி போன். "அண்ணா, திரை கருப்பா இருக்கு!" பழைய பிராசஸரில் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு, 5600-ல் இல்லை. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருந்தான். கிராபிக்ஸ் கார்டின் பின்புறம் மாற்றிச் செருகியதும் படம் வந்துவிட்டது.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. புது மானிட்டரையும் விண்டோஸ் 60 ஹெர்ட்ஸில் ஓட்டிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என வரிசையாகச் சென்று ரெப்ரெஷ் ரேட்டை 144 என்று நீங்களே மாற்றிவிடுங்கள்.