பழைய கருப்பட்டிதான் நல்ல கருப்பட்டியா?

ஏரல் கடைத்தெருவில் கருப்பட்டி வாங்கப் போனால் இந்தப் பேச்சுக்குத் தப்ப முடியாது: "மூணு வருசத்துச் சரக்கு அண்ணாச்சி, வைக்க வைக்கத்தான் ருசி." பழசு என்பதற்காகவே விலையும் ஏறும். படித்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், "ஒயினும் அப்படித்தானே?" என்கிறார்கள். முதலில் அந்தச் சான்றைப் பார்த்துவிடுவோம்.

பிரான்சின் பர்கண்டியில் பினோ நுவார் திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயின் புட்டியில் ஆண்டு அச்சிடுவது வயதைக் காட்ட அல்ல. பழம் எந்த ஆண்டு பறித்தது என்று சொல்ல. அந்த ஆண்டின் வெயிலும் மழையும் ருசியில் தெரியும். 2005 ஒயின் 2004-ஐவிட இளையது. ஆனால் ருசி அறிந்தவர்கள் கொண்டாடுவது 2005-ஐத்தான். அங்கும் சாதாரண ஒயினைச் சில ஆண்டுகளுக்குள் குடித்துவிடுகிறார்கள். நல்ல தோட்டத்து நல்ல ஆண்டுச் சரக்கைத்தான், அதுவும் தக்கை அடைத்துக் குளிர்ந்த நிலவறையில், வைத்துக் காக்கிறார்கள்.

கருப்பட்டிக்கு ஏது அந்தக் காப்பு? காற்றில் இருக்கும் ஈரத்தை அது இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மேல்பக்கம் கசியும். கசிந்த இடத்தில் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆகும். ஃபிரக்டோஸ் இன்னும் அதிகமாக ஈரத்தை இழுக்கும். பிறகு பிசுபிசுப்பு, பூஞ்சணம், புளித்த வாடை. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து கட்டி நாளுக்கு நாள் கறுக்கும். அந்தக் கறுப்பைத்தான் முதிர்ச்சி என்று நம் தலையில் கட்டுகிறார்கள். நன்றாக இறுகிய கட்டியைப் புகை படும் பரணில் வைத்து ஓராண்டு காப்பாற்றலாம், சரி. கெடாமல் இருப்பது வேறு, ருசி கூடுவது வேறு. இதைக்கூடவா பிரித்துப் பார்க்க மாட்டோம்?

கேட்க வேண்டியது எத்தனை வருடம் என்று அல்ல, எந்தப் பருவம் என்று. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியின் பெருமை தேரி மணலில் நிற்கும் பனையிலும், பனையேறியின் கையிலும், கோடை வெயிலிலும் இருக்கிறது. மழை பெய்து கலயத்தில் தண்ணீர் இறங்கினாலோ, சுண்ணாம்பு குறைந்து பதநீர் புளித்தாலோ, எவ்வளவு விறகு எரித்தாலும் பாகு சரியாக இறுகாது. சுண்ணாம்பு மிஞ்சினால் நாக்கில் காரும். ஒரே பனங்காட்டுக் கருப்பட்டி போன வருடம் ஒரு மாதிரியும் இந்த வருடம் ஒரு மாதிரியும் இருப்பது இதனால்தான்.

இரண்டு பருவத்துக் கட்டிகளை அருகருகே வைத்து உடைத்துப் பாருங்கள். நல்லதில் இனிப்புக்குப் பின் மெல்லிய கரிப்பு வரும், கடைசியில் புகைவாசம் நிற்கும். சீனி கலந்தது வெறும் இனிப்போடு முடிந்துவிடும். அதன் உடைந்த முகம் பளபளக்கும். பிறகு வெந்நீரில் கரைத்து, வடிகட்டாமல், அடியில் தங்குவதைப் பாருங்கள். மண்ணும் சுண்ணாம்பும் தெரிந்துவிடும்.

கன்னங்கரேல் என்றிருந்தால் அசல் என்பது தவறு. அடிப்பிடித்த பாகும் கறுப்புதான். எறும்பு மொய்த்தால் கலப்படம் இல்லை என்பதும் வீண்பேச்சு. எறும்புக்குச் சீனியும் இனிக்கும். சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. கருப்பட்டியின் பெரும்பகுதி சுக்ரோஸ், சீனியில் இருக்கும் அதே பொருள். உயிரோடு விளையாடாதீர்கள்.

பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அரசு 2021-இல் அறிவித்தது. மரத்தைக் காத்தால் போதாது, ஏறுகிறவருக்கும் காசு போய்ச் சேர வேண்டும். பொதியில் ஊர்ப்பெயரோடு காய்ச்சிய மாதமும் ஆண்டும் அச்சாகட்டும். நல்ல பருவத்துச் சரக்குக்குக் கூடுதல் விலை கொடுங்கள். அது பனையேறிக்குச் சேரும்படி அவரிடமே வாங்குங்கள். மாதம் சொல்லத் தெரியாத கடையில் 'பழசு' என்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.